ரசிகர் பதிவுகள்: கலைஞர்களின் அணுகுமுறையும் வாரிசுகளின் அணுகுமுறையும்

வினைல்பித்தன் (கேள்வி):
கச்சேரிகளில் அனுமதியின்றி எடுக்கப்படும் 'பூட்லெக்' ஒலிப்பதிவுகளைப் பற்றி ஒரு சந்தேகம். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1984-இல் பதிவு செய்வோருக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. பாப் பாடகர் பிரின்ஸ் மறைந்த பின் அவருடைய சொத்துக்களை நிர்வகித்தவர்களோ, மேடை நிகழ்ச்சிகளைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிய ரசிகர் மீது வழக்குத் தொடுத்து 2020-இல் சாதகமான தீர்ப்பும் பெற்றார்கள். கலைஞர் இல்லாதபோது வாரிசுகள் கெடுபிடி காட்டுவதுதான் வழக்கமா?

நள்ளிரவு வானொலி:
அப்படிச் சொல்ல முடியாது. பிரின்ஸே 2007-இல் தன் ரசிகர் தளங்கள் மீது வழக்கறிஞர்களை ஏவியவர். பின்னால் வந்தவர்கள் அவர் வழியில் நடந்தார்கள், அவ்வளவே. மறைந்த ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் குடும்பம் இதற்கு நேர்மாறு. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் 1995-இல் அவருடைய இசையின் உரிமைகளை மீட்ட அந்தக் குடும்பம், 1998-இல் டாகர் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 1969-இல் ஓக்லண்டில் பார்வையாளர் ஒருவர் எடுத்த பதிவையே முதல் வெளியீடாகக் கொண்டுவந்தது. ஒலித்தரம் சுமார்தான். ஆனாலும் கள்ளச் சந்தையில் வாங்கக்கூடியவர்களைத் தம் பக்கம் திருப்ப அது போதுமானதாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேசட் காலத்தவன்:
கேள்வியில் உள்ள டெட் குழுவின் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. பதிவுகளை ரசிகர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பதே அவர்களுடைய விதி. முதன்மை வருமானம் கச்சேரிச் சீட்டுகளிலிருந்து வந்தவரை அதில் இழப்பு இல்லை. 1995-இல் குழுவின் முன்னணிக் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறந்து குழு கலைந்த பின், பழைய ஒலிநாடாக்களே பெரும் சொத்தாகிவிட்டன. 2005 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து அவர்களுடைய கச்சேரிகளைத் தரவிறக்கும் வசதி நீக்கப்பட்டது. ரசிகர்கள் கொதித்தெழுந்ததும், பார்வையாளர் மைக்கில் எடுத்தவற்றை மீண்டும் தரவிறக்க அனுமதித்து, ஒலிக்கலவை மேசையிலிருந்து எடுத்தவற்றை இணையத்தில் கேட்க மட்டும் விட்டார்கள். குழுவின் சொந்தக் கருவி வழியே வந்த ஒலி வேறு, ரசிகர் தூக்கிவந்த மைக்கில் விழுந்த ஒலி வேறு என்ற அந்தப் பாகுபாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

வினைல்பித்தன்:
நன்றி, நண்பர்களே. விற்பனைக்கென்றே அச்சடிக்கப்பட்ட கள்ள இசைத்தட்டுகளுக்கு என்ன பதில் கிடைத்தது?

நள்ளிரவு வானொலி:
அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா கொடுத்ததுதான் எனக்குப் பிடித்த பதில். தன் இசையைத் திருடி வெளியிட்ட தட்டுகளை, ஒலியைச் செப்பனிடாமல், அட்டைப்படம் உட்பட அப்படியே நகலெடுத்து 1991-இல் தானே விற்றார். திருடியவனுக்கு இராயல்டி கேட்க வழியேது? பாப் டிலன் தரப்பும் அதே ஆண்டில் தன் அதிகாரபூர்வ 'பூட்லெக்' வரிசையைத் தொடங்கியது. 1966-இல் மான்செஸ்டரில் நடந்த அவருடைய கச்சேரி, இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடந்ததென்ற தவறான பெயரில் பல ஆண்டுகள் கள்ளச் சந்தையில் உலவியது. 1998-இல் முறைப்படி வெளியிட்டபோது, ரசிகர்களுக்குப் பழகிப்போன அந்தத் தவற்றையே மேற்கோள்குறிக்குள் தலைப்பாக வைத்தார்கள். அனுமதியற்ற கச்சேரிப் பதிவுகளைத் தடுக்க அமெரிக்கா 1994-இல் கூட்டாட்சிச் சட்டமே இயற்றியது என்பது உண்மைதான். ஆனால் 2000-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் பெர்ல் ஜாம் குழு 72 கச்சேரிகளை முழுமையாக, மலிவு விலையில் தானே வெளியிட்ட பிறகு, மங்கலான கள்ளப் பதிவுக்குக் கூடுதல் விலை கொடுக்க யாருக்கு என்ன அவசியம்?