கீவ், கியெவ்: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பிழைதிருத்தி:
ஆங்கிலச் செய்திமடல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். உக்ரைன் தலைநகரை கே, ஒய், ஐ, வி என்ற நான்கு எழுத்துகளில் எழுதுகிறோம், அதில் குழப்பமில்லை. இப்போது மடலை ஒலிவடிவிலும் வெளியிடுகிறோம். வாசிக்கும் பெண் 'கீவ்' என்கிறார். ஆசிரியர் 'கியெவ்' என்று திருத்துகிறார். பள்ளியில் படித்த நாளிலிருந்து அப்படித்தானாம். போன வாரம் ஒரே பதிவில் இரண்டும் வந்துவிட்டன. இவை இரண்டும் வேறு வேறு ஊர்களா என்று கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். எதை வைத்துக்கொள்வது?

கொழும்பான்:
நான் ஆசிரியர் பக்கம். ரோமாவை ரோம் என்றும் மஸ்க்வாவை மாஸ்கோ என்றும் ஆங்கிலம் சொல்கிறது. யாரும் சண்டைக்கு வரவில்லை. எங்கள் ஊர் தமிழில் கொழும்பு, சிங்களத்தில் கொளம்ப, ஆங்கிலத்தில் கொலம்போ. (தலைநகர் கோட்டே அல்லவா என்று யாரும் கிளம்ப வேண்டாம், தெரியும்.) மூன்று பெயரையும் ஒரே நாளில் சொல்கிறோம், நாக்கு சுளுக்கிக்கொள்ளவில்லை. வடசொல்லைக்கூடத் தமிழ் ஒலிக்கு மாற்றி எடுத்துக்கொள்ளச் சொன்னது தொல்காப்பியம். அந்த உரிமை ஆங்கிலத்துக்கு மட்டும் கிடையாதா?

நெய்தல்:
உரிமை உண்டு. ஆனால் ரோம் என்பது ஆங்கிலத்தில் நெடுங்காலம் புழங்கித் தேய்ந்த சொல். கியெவ் அப்படியா? ரஷ்ய எழுத்துக்கூட்டலைப் பார்த்து எடுத்த நகல் அது. ரஷ்ய வடிவம் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், அந்த நாட்டை ஆண்டவர்கள் யார் என்பதுதான். 1863இல் வலூயெவ் சுற்றறிக்கை, 1876இல் எம்ஸ் ஆணை என்று உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடுவதையே ஜார் ஆட்சி முடக்கிப்போட்டது. 1991இல் விடுதலை பெற்றார்கள். 1995இல் ரோமன் எழுத்தில் எங்கள் நகரை இப்படி எழுதுங்கள் என்று முடிவெடுத்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் குறைவு. 2018இல் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் இதற்கென ஓர் இயக்கமே தொடங்கியது. அதன் பிறகுதான் 2019இல் அசோசியேட்டட் பிரஸ்ஸும் பிபிசியும், 2020இல் ஆங்கில விக்கிப்பீடியாவும் மாறின. கால் நூற்றாண்டு கேட்டிருக்கிறார்கள், ஐயா. கொலம்போ என்பவர் யாரும் இன்று உங்கள் ஊர்மேல் ஏவுகணை வீசவில்லை.

கொழும்பான்:
ஏவுகணையை இழுத்தால் யாராலும் வாதாட முடியாது. அந்நகரத்திலேயே ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டில் சொன்னதும் ரஷ்யப் பெயரைத்தான். அரசு கேட்டது, மக்கள் கேட்டார்கள் என்று ஒன்றாகப் போட்டுக் குழைக்காதீர்கள். 2020 ஜூனில் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றியது நினைவிருக்கிறதா? கோயம்புத்தூருக்கு வந்த எழுத்துக்கூட்டலை ஊர்க்காரர்களே எழுத்துக்கூட்டித்தான் படித்தார்கள். சில நாட்களில் ஆணை திரும்பப் போனது.

நெய்தல்:
அது எழுத்துக்கூட்டல் சரியில்லாமல் போனது. பெயரைத் தமிழொலிக்குப் பக்கமாகக் கொண்டுவர வேண்டும் என்பதை எத்தனை பேர் எதிர்த்தார்கள்?

ஒலியன்:
இருவரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்டவர் கேட்டது வாயைப் பற்றி.

உக்ரைனியர்கள் 'கீவ்' என்று சொல்வதில்லை. அவர்கள் பெயரில் இரண்டு அசை. முதல் அசையின் உயிர் நம் இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் நிற்கும் குறில். அடுத்தது 'யி'. கடைசி எழுத்தில் பல் உதட்டைத் தொடாது. உதடு குவிந்து உகரம்போல் முடியும். ஔகாரத்தை 'அஉ' என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள், பிறகு அகரத்தை எடுத்துவிட்டு இகரத்தை வையுங்கள்: கிட்டத்தட்ட 'கியிஉ'. ஔவை என்று சொல்லத் தெரிந்தவருக்கு இது கடினமில்லை, ஆங்கிலேயர்களுக்குத்தான் பாடு. 2019 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் தூதர்கள் 'கீவ்' என்று ஓரசையாகச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பலர் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஆசிரியருக்கும் ஒன்று. ரஷ்யர்கள் 'கியெவ்' என்பதில்லை. ரஷ்ய மொழியில் சொல்லிறுதி வகரம் ஃப் ஆகிவிடும்: 'கீயிஃப்'. ஆக 'கியெவ்' ரஷ்ய எழுத்தை ஆங்கில வாயால் படித்தது, 'கீவ்' உக்ரைனிய எழுத்தை ஆங்கில வாயால் படித்தது.

அசல் ஒலியைத் துரத்தினால் பெய்ஜிங் கதையாகும். ஆங்கிலச் செய்தி வாசிப்பாளர்கள் பலர் அதன் ஜகரத்தைப் பிரெஞ்சு ஜகரம்போல் வழுக்கிச் சொல்கிறார்கள், சீன ஒலி என்று நினைத்து. சீன ஒலியோ ஜிப்பாவின் ஜகரத்துக்குத்தான் பக்கம். கூடுதல் மரியாதையே பிழையாகிவிட்டது.

என் வாக்கு 'கீவ்' பக்கம். எழுத்தை மாற்றிக்கொண்டு வாயில் பழையதை வைத்திருந்தால், கேட்பவர் இரண்டு ஊர் என்றுதான் நினைப்பார்.

பிழைதிருத்தி:
ஆசிரியரிடம் காட்டினேன். ரஷ்ய ஒலியும் தன்னுடையதில்லை என்ற இடத்தில் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கீவ்" என்றார். ஆனால் அடுத்த மடலில் சிக்கன் கியெவ் செய்முறை வருகிறது. அதையும் மாற்றவா?

நெய்தல்:
பிரிட்டனில் செயின்ஸ்பரிஸ் கடை 2022லேயே பொட்டலத்தில் மாற்றிவிட்டது.

கொழும்பான்:
கோழியையாவது விட்டுவையுங்கள்.