டெக்ஸ்சரை அடுக்கினால் வெட்டு தெரிகிறது, ஆஃப்செட் செய்தும் போகவில்லை

மணல்துகள்:
சிமென்ட் பூச்சுச் சுவரின் போட்டோ, 1024×1024 பிக்சல். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் இணைப்பு தெரியாத டெக்ஸ்சராக (பரப்பை நிரப்பும் படமாக) இதை மாற்றப் பார்க்கிறேன். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் ஆஃப்செட் கொடுத்து (படத்தைப் பாதி நகர்த்தி), நடுவில் கூட்டல் குறி மாதிரி வந்த வெட்டைக் குளோன் டூலால் (ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் பிரஷ்) மறைத்தாயிற்று. ஆனாலும் அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ஓரத்தின் நடுவிலும் சின்னதாக ஒரு வெட்டு நிற்கிறது. தள்ளி நின்று பார்த்தால் சதுரங்கப் பலகை போல இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வருகிறது. ‘டைல் சீம்லெஸ்’ ஃபில்டரும் போட்டுப் பார்த்தேன், விரிசல்கள் இரட்டையாகிவிட்டன.

கூர்முனை:
அந்த ஃபில்டர் படத்தை, பாதி நகர்த்திய அதன் நகலோடு கலக்கிறது. மணல், புல் போன்ற பொடி வடிவங்களுக்குச் சரி. விரிசலுக்கு ஆகாது.

ஓர வெட்டு நீங்களே உண்டாக்கியது. கூட்டல் குறியின் நான்கு முனைகளும் படத்தின் விளிம்பைத் தொடுகின்றன. மேல் விளிம்பில் பிரஷ் பட்டதும் அந்த பிக்சல்கள் மாறிவிடும், கீழ் விளிம்பில் அவற்றுக்கு ஜோடியானவை மாறாது. அதனால் முனைகளில் 60 பிக்சல் அளவுக்குத் தொடாமல் விடுங்கள். மற்றதை முடித்ததும் Y-ஐ மட்டும் 512 நகர்த்துங்கள் (வெளியேறும் பகுதியை எதிர் விளிம்பில் கொண்டுவரும் ‘ராப் அரவுண்ட்’ தேர்வில் இருக்கட்டும்): செங்குத்துக் கோட்டின் விட்ட முனைகள் நடுவில் வந்து சேரும். அதைச் சரிசெய்து, பிறகு X, Y இரண்டையும் 512 நகர்த்தினால் கிடைக்கோட்டின் மிச்சம் நடுவுக்கு வரும். எந்தக் கட்டத்திலும் பிரஷ் விளிம்பைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

நிழல்தடம்:
சதுரங்கப் பலகைக்குக் காரணம் போட்டோவில் வெளிச்சம் ஒரு பக்கம் சரிந்திருப்பது. இதை ஆஃப்செட்டுக்கு முன்பே, வெட்டாத பெரிய படத்தில் சரிசெய்ய வேண்டும். லேயரை நகலெடுத்து, மேல் லேயருக்கு 100 பிக்சல் அளவில் காஸியன் ப்ளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்து, கீழ் லேயரோடு கலக்கும் மோடை ‘கிரெய்ன் எக்ஸ்ட்ராக்ட்’ ஆக்குங்கள். கீழ் லேயரிலிருந்து மேல் லேயரைக் கழித்து 128 கூட்டும் கணக்கு இது. படம் சாம்பலாகிவிடும், பயப்பட வேண்டாம். இரண்டையும் ஒன்றாக்கி, சுவரின் சராசரி நிறத்தை நிரப்பிய லேயரை மேலே ‘கிரெய்ன் மெர்ஜ்’ மோடில் வையுங்கள், நிறம் திரும்பும். ப்ளர் அளவு ரொம்பச் சிறிதானால் பூச்சின் மேடுபள்ளமும் சேர்ந்து தட்டையாகிவிடும்.

அதற்குப் பிறகும் கண்ணில் குத்தும் கறை ஒன்று இருந்தால் அழித்துவிடுங்கள். அடுக்கும்போது முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

மணல்துகள்:
ஓர வெட்டு போய்விட்டது. ஆனால் கடைசியில் ஷார்ப்பன் கொடுத்து 512-க்குச் சுருக்கியதும் மெல்லிய கோடு மறுபடி வந்துவிட்டதே? இன்னொன்று, இதே முறையில் செய்த செங்கல் சுவர் ஒரு வரிசையில் மட்டும் பொருந்தவில்லை. படத்தில் 7 வரிசை.

கூர்முனை:
ஷார்ப்பன், ப்ளர், அளவு மாற்றம் எதற்குமே எதிர் விளிம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. 3×3 ஆக அடுக்கி 3072 ஆக்கி, ஃபில்டர் கொடுத்து, 1536-க்குச் சுருக்கி, நடுவில் உள்ள 512×512-ஐ வெட்டி எடுங்கள். பிஎன்ஜியில் சேமியுங்கள். ஜேபெக் 8×8 கட்டங்களாகச் சுருக்குவதால் விளிம்புகள் பிசகும்.

செங்கல்லில் 7 வரிசை என்பதுதான் சிக்கல். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரைக்கல் தள்ளி இருப்பதால் வரிசைகள் இரட்டைப்படையில் வர வேண்டும். 6 அல்லது 8 வரிசைக்கு, சாந்துக் கோட்டின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடியும்படி வெட்டுங்கள். குளோன் டூலுக்கே வேலை குறையும்.

நிழல்தடம்:
வெட்டும் முன் லென்ஸ் வளைவையும் சரிசெய்துவிடுங்கள். வளைந்த சாந்துக் கோடு இரண்டு விளிம்பிலும் ஒரே உயரத்தில் சந்திக்காது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இருந்தால் அதில் W அழுத்துங்கள், வரையும்போதே அடுக்கிக் காட்டும்.