செயலியின் உச்ச மின்னோட்டத்திற்கு எந்த எண்ணை நம்புவது?

அம்பத்தூர்_போர்டு (கேள்வி):

வணக்கம். சாலையோரக் கம்பத்தில் பொருத்தும் கேமராப் பெட்டிக்காக, என்எக்ஸ்பியின் ஐ.மெக்ஸ்6 குவாட் செயலியை வைத்து ஒரு போர்டு வடிவமைத்து வருகிறேன். மின்சாரம் ஈதர்நெட் கம்பி வழியாகவே, பழைய 802.3ஏஎஃப் தரத்தின்படி வருவதால், பெட்டிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 12.95 வாட்தான். மதிப்பீட்டு போர்டில் (செயலியைச் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும் ஆயத்த போர்டு) எங்கள் மென்பொருளை ஓடவிட்டு 5 வோல்ட் உள்ளீட்டில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்தபோது 0.9 ஆம்பியரைத் தாண்டவில்லை. ஆனால் டேட்டாஷீட்டில் ஒவ்வொரு ரெயிலுக்கும் (செயலிக்குள் போகும் தனித்தனி மின்வழங்கு பாதை) கொடுத்திருக்கும் உச்ச மின்னோட்டங்களைக் கூட்டி, கேமராவையும் மின்மாற்ற இழப்புகளையும் சேர்த்தால் 12.95 வாட்டைத் தாண்டிவிடுகிறது. அளந்ததை இரண்டால் பெருக்கிக்கொண்டால் போதும் என்கிறார் எங்கள் அலுவலக மூத்த பொறியாளர். எதை வைத்து, ரெயிலின் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுப்பது?

கிண்டி_பவர்:

இரண்டால் பெருக்குவது வழக்கமே தவிர, அதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. ரெகுலேட்டரும் அதன் சுருளான இண்டக்டரும் தாங்க வேண்டியது மைக்ரோ விநாடி அளவில் வந்துபோகும் உச்ச மின்னோட்டத்தை. ஹீட்சிங்க் தாங்க வேண்டியது பல நிமிடங்களுக்கு நீடிக்கும் சராசரித் திறனை. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால், ஒன்று போதாமல் போகும் அல்லது மற்றது வீணாகும்.

நீங்கள் கூட்டிய அட்டவணைக்குக் கீழே உள்ள குறிப்பையும் படித்துப் பாருங்கள். கோர்களுக்கு (செயலிக்குள் கணக்கிடும் பகுதிகள்) மின்சாரம் தரும் கோர் ரெயிலுக்கான அந்த எண், உச்ச நுகர்வைக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்ட 'பவர் வைரஸ்' நிரலுக்கு உரியது: எல்லாக் கோர்களும் உச்ச அதிர்வெண்ணில், பைப்லைன் (கட்டளைகள் வரிசையாக நிறைவேறும் பாதை) எங்கும் தடைபடாதபடி, கோரை ஒட்டிய சிறு நினைவகமான எல்1 கேஷுக்குள்ளேயே சுழல்கின்றன. நடைமுறையில் அப்படி ஒரு பணி அமைவது அரிது என்று அவர்களே சொல்கிறார்கள். இருந்தாலும், கோர் ரெயிலின் ரெகுலேட்டருக்கு அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் நாளை உங்கள் மென்பொருளில் யார் எந்த நூலகத்தைச் சேர்ப்பார்கள் என்பது இன்று உங்களுக்குத் தெரியாது. 12.95 வாட் கணக்குக்கு மட்டும் எல்லா ரெயில்களின் உச்சத்தையும் கூட்டாதீர்கள். எல்1 கேஷுக்குள் சுழலும் நிரல், செயலிக்கு வெளியே உள்ள டிடிஆர் நினைவகத்தைத் தொடுவதே இல்லை; நினைவகத்தை நிரப்பி வைக்கும் நிரலில் கோர்கள் பாதி நேரம் தரவுக்காகக் காத்துக் கிடக்கும். ஆகவே இரண்டு உச்சங்களும் ஒரே கணத்தில் வருவதில்லை.

ஷன்ட்_ராஜா:

முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆனால் அந்த 0.9 ஆம்பியரை நான் நம்பமாட்டேன். மல்டிமீட்டர் காட்டுவது ஒரு விநாடியின் சில பகுதிகளுக்கான சராசரி; உள்ளீட்டில் அளப்பதால், இடையில் இருக்கும் கெபாசிட்டர்கள் எல்லாத் துள்ளல்களையும் விழுங்கிவிடும். கோர் ரெயிலிலேயே 5 மில்லி ஓம் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க வைக்கும் மிகச் சிறிய மின்தடை) ஒன்றைத் தொடராக இட்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தனித்தனிக் கம்பி இழுத்து ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். 4 ஆம்பியருக்கு 20 மில்லி வோல்ட்தான் கிடைக்கும். எனவே இரு முனைகளின் வேறுபாட்டை மட்டும் காட்டும் டிஃபரன்ஷியல் புரோப் இல்லாமல் தெளிவாகத் தெரியாது. இதைவிடப் பெரிய ஷன்ட்டை வைத்தால் கோருக்குப் போகும் மின்னழுத்தமே சரிந்து, நீங்கள் அளக்க வந்ததை நீங்களே மாற்றிவிடுவீர்கள்.

அளக்கும்போது உங்கள் பயன்பாட்டை மட்டும் ஓட்டினால் போதாது. நான்கு கோர்களிலும் நியான் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வசதி) கணக்கீட்டை எல்1 தரவுக் கேஷின் 32 கிலோபைட்டுக்குள் அடங்கும்படி சுழலவிட்டு ஒரு முறையும், பெரிய நினைவகப் பிரதியெடுப்பை ஓடவிட்டு ஒரு முறையும், காணொளிக் குறியாக்கத்தோடு ஈதர்நெட்டையும் முழு வேகத்தில் இயக்கி ஒரு முறையும் அளந்து, ரெயில் வாரியாகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்திரி_வெயில்:

வெப்பநிலையைப் பற்றி இதுவரை யாருமே பேசவில்லை. ஏசி அறையில் எடுத்த அளவு, மே மாதத்துச் சென்னையில் மூடிய உலோகப் பெட்டிக்குள் செல்லாது. 2003ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. அது நிழலில் வைத்த வெப்பமானி காட்டிய அளவு. நேர் வெயிலில் நிற்கும் பெட்டியின் உட்புறம் அதைவிட எவ்வளவோ கூடுதல். டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டம் வெப்பத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, அடுக்கடுக்காகப் பெருகுகிறது. கசிவு கூடினால் வெப்பம் கூடும், வெப்பம் கூடினால் மறுபடியும் கசிவு கூடும். சில்லின் உட்புறம் 90 டிகிரியைத் தொடும்வரை சூட்டு அறையில் வைத்து, சில்லிலேயே இருக்கும் சென்சாரைப் படித்தபடி அளவெடுங்கள். ஒரே ஒரு போர்டை அளந்துவிட்டு நிறுத்தவும் கூடாது: ஒரே எண் கொண்ட சில்லுகளுக்குள்ளேயே வேகமானவை அதிகம் கசியும், உங்கள் மேசைக்கு வந்தது எந்த வகை என்று தெரியாது.

அம்பத்தூர்_போர்டு:

மிக்க நன்றி. எங்கள் பணிக்கு 792 மெகாஹெர்ட்ஸே போதும். அதற்கு மேலுள்ள 996 மெகாஹெர்ட்ஸைத் தடுத்துவிட்டால் கணக்கு எளிதாகுமா? வெப்பம் கூடும்போது வேகத்தைக் குறைக்கும் வசதி லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது, அதை நம்பலாமா?

கிண்டி_பவர்:

அந்த வசதி ஹீட்சிங்க்கைத்தான் காப்பாற்றும். சென்சாரைப் படித்து வேகத்தைக் குறைப்பதற்குள் மின்னோட்டத்தின் உச்சம் வந்து போயிருக்கும். எனவே ரெகுலேட்டரைச் சிறிதாக்க அதைக் காரணம் காட்ட முடியாது. 996ஐத் தடுப்பது வேறு விஷயம், நல்ல முடிவும்கூட. லினக்ஸ் கெர்னலின் டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளை விவரிக்கும் கோப்பு) 996க்கு 1.25 வோல்ட், 792க்கு 1.175 வோல்ட் என்று இருக்கிறது. இயக்கத் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது என்பதால், ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஆனால் சில்லுக்குள் இருக்கும் எல்டிஓ (மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாக்கிக் குறைக்கும் ரெகுலேட்டர்) வழியாகக் கோருக்கு மின்சாரம் கொடுத்து, வெளி ரெகுலேட்டரின் மின்னழுத்தத்தை மாற்றாமல் விட்டால், மிச்சம் எல்டிஓவிலேயே சூடாகிப் போகும். உங்களுக்குக் கிடைப்பது 25 சதவீதம்தான். தடையை, ஓடும்போது வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் கவர்னர் அமைப்பில் செய்யாமல், டிவைஸ் ட்ரீயிலிருந்து அந்த வரியையே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் களத்தில் யாராவது ஒரே கட்டளையில் திருப்பிவிடுவார்கள்.

கம்பியின் மறுமுனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சம் 50 மில்லி விநாடிக்குள் அடங்கிவிட்டால் ஏஎஃப் தரத்துச் சுவிட்ச் உங்களைத் துண்டிக்காது. அதற்கு மேல் நீடித்தால் துண்டிக்கக்கூடும். ஆகவே 12.95 வாட்டோடு ஒப்பிட வேண்டியது, சூட்டு அறையில் கிடைக்கும் நீடித்த எண்ணைத்தான்.

அம்பத்தூர்_போர்டு:

அந்த வரியை நீக்கிவிட்டே அளக்கிறேன். மதிப்பீட்டு போர்டில் கோர் ரெயிலை வெட்டி ஷன்ட் வைக்க இடம் இருக்குமா?

ஷன்ட்_ராஜா:

வரைபடத்தில் இண்டக்டருக்கும் செயலிக்கும் இடையே பூஜ்ஜிய ஓம் மின்தடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஷன்ட்டைப் பற்றவைக்கலாம். வெளியீட்டு மின்னழுத்தத்தை ரெகுலேட்டருக்கே திருப்பிக் காட்டும் ஃபீட்பேக் கம்பி அந்த மின்தடைக்கு எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். செயலியின் பக்கத்திலிருந்து என்றால் ஷன்ட்டில் விழும் மின்னழுத்தத்தை ரெகுலேட்டரே ஈடுகட்டிவிடும்.