திருச்சியிலிருந்து பூம்புகார்: நான்குவழிச் சாலையா, ஆற்றோரச் சாலையா?

மலைக்கோட்டையான்:
சோழர் கோயில்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே எல்லோரும் காவிரிக் கரையோரம் போகும் கல்லணை–பூம்புகார் சாலையைத்தான் சொல்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. குறுகலான சாலை, ஊருக்கு ஊர் வேகத்தடை. எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. வெளியூர்க்காரருக்குக் கிடைப்பதே சனி, ஞாயிறுதான். மதியம் 12 மணிக்கு நடை சாத்தினால் பல கோயில்களில் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். காலைப் பொழுதைச் சாலையில் தொலைக்கலாமா? நான்குவழிச் சாலையில் போனால் தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கொள்ளிடம் தாண்டிக் கங்கைகொண்ட சோழபுரம் என்று யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம். மிச்சமாகும் நேரத்தைச் சிற்பங்களுக்குக் கொடுங்கள்.

குடமுருட்டி:
மூன்றையும் பார்த்துவிடலாம், சரி. இவ்வளவு பெரிய கோயில்கள் ஏன் இந்த வட்டாரத்தில் எழுந்தன என்று எங்கே பார்ப்பீர்கள்? 1010-இல் பெரிய கோயிலை முடித்த ராஜராஜன், எந்தெந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று அதே கோயிலில் கல்வெட்டாக வெட்டி வைத்தான். அந்த நெல்லை விளைவித்த தண்ணீர் பிரிகிற இடம் கல்லணை. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்கு வழியாகப் போவதை அங்கே நின்றபடியே பார்க்கலாம். அதைப் பார்க்காமல் நேரே பெரிய கோயில் விமானத்தின் முன் போய் நின்றால் 216 அடி உயரம் என்று வியக்கலாம். அந்த உயரத்துக்குப் பின்னால் இருந்த வயல்கள் கண்ணில் படாது.

மலைக்கோட்டையான்:
கல்லணையில் இன்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் பிரிட்டிஷ் காலத்து மதகுகளும் பாலமும். கால்வாய் 1934-இல் வந்தது. கரிகாலன் போட்ட கல் அடியில் இருக்கிறது. அதை யாருக்கு எப்படிக் காட்டுவது?

குடமுருட்டி:
அடியில் இருப்பதுதான் அதன் பெருமை. ஆற்று மணலில் பாறைகளைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே அடுக்கி நிறுத்திய வேலை அது. மணலில் அஸ்திவாரம் போடும் முறையைப் பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கேதான் கற்றுக்கொண்டார். கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கு அது உதவியது. கூட்டிப் போகிறவர் இதைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் அந்த மதகருகே நிற்க வைக்கட்டும், போதும்.

அணைக்கரை வாசி:
காட்டன் பெயரை எடுத்துவிட்டீர்கள், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். 1836-இல் அவர் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலை இடித்துக் கல்லெடுத்துப் போனார்கள். கோயிலைப் பார்த்தவர்கள் கட்டாயம் அந்தக் கீழணை இருக்கும் அணைக்கரைக்கும் வந்துவிட்டுப் போக வேண்டும். இரண்டும் ஒரே கதை. ஊருக்கு மேற்கே ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியையும் விடாதீர்கள். கங்கை வரை சென்ற வெற்றிக்கு நீரால் நாட்டிய தூண் என்று செப்பேடு அதைப் பாடுகிறது. இன்று பொன்னேரி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். இது கொள்ளிடத்தின் வடகரை. கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயரைச் சொன்னதோடு சரி, நீங்கள் இருவரும் தென்கரையை விட்டு நகரவே இல்லை.

நன்னிலத்தாள்:
எந்தச் சாலை என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று கேளுங்கள். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். அணையில் தண்ணீர் இல்லாத ஆண்டில் அதுவும் தள்ளிப்போகும். ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றோரச் சாலையில் போனால் மணலும் கருவேலமும்தான். அப்போது மலைக்கோட்டையான் அண்ணன் சொல்வதே சரி. செப்டம்பரில் வந்தால் கரை தொட்டு ஓடும். திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்கி உட்கார்ந்து பார்த்தவர்களிடம் நான்குவழிச் சாலையைப் பற்றிப் பேச முடியாது.

குடமுருட்டி:
திருவையாற்றைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சாலையின் அழகே. கணபதி அக்ரகாரம், உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை. வாழையும் மூங்கிலும் விலகும் இடமெல்லாம் ஆறு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். நயமான அந்த மண் மெழுகில் உள்ள நகக்கோட்டைக்கூட வாங்கிக்கொள்ளும். ஆறு கொண்டுவந்த மண்ணில் நடராஜர் பிறப்பதை ஒரு பட்டறையில் நின்று பார்த்துவிட்டுத் தாராசுரம் போய்ப் பாருங்கள், கல்லையும் வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

மலைக்கோட்டையான்:
நன்றாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் எனக்குப் பயம். இதைப் படித்துவிட்டு எல்லோரும் காரில் கிளம்பினால் என்ன ஆகும்? நெரிசல் என்பார்கள், அகலப்படுத்து என்பார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வீட்டுத் திண்ணை. அகலம் எங்கிருந்து வரும்? கரை மரங்களை வெட்டித்தான் வரும். அந்தச் சாலை அப்படியே இருக்க வேண்டுமென்றால் கார்களை நான்குவழிக்கு அனுப்புங்கள்.

நன்னிலத்தாள்:
இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பேருந்து இருக்கிறதே? திருவையாறு–கும்பகோணம் பேருந்தில் ஆற்றுப் பக்க ஜன்னலில் இடம் பிடித்தால் காரைவிட நன்றாகவே தெரியும்.

மலைக்கோட்டையான்:
முழங்கால் வலிக்கிற பெற்றோரை வைத்துக்கொண்டு பேருந்து மாறி மாறிப் போக முடியாது. அவர்களுக்கு என் வழிதான்.

குடமுருட்டி:
அவர்களுக்கு உங்கள் வழியே இருக்கட்டும், ஒரு திருத்தத்தோடு. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு நான்குவழியில் போகாமல் பழைய சாலையில் போங்கள். பசுபதிகோயில் அருகே புள்ளமங்கையில் இறங்குங்கள். முதலாம் பராந்தகன் காலத்துச் சிறிய கோயில், நடக்க வேண்டிய தூரம் குறைவு. அடித்தளத்தில் உள்ளங்கை அளவு ராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன. பூம்புகாரை அந்த நாளில் சேர்க்காதீர்கள். மயிலாடுதுறையில் தங்கி, காவிரியின் துலாக் கட்டப் படித்துறையைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கிளம்புங்கள்.