கல்யாண சர்ட்டிபிகேட், விசா, வக்கீல்: மனசை விட்டுப் போகாத ஒரு பைலை எழுதுங்கள்

மார்த்தாண்டம் ஆதாரம் எழுத்து (பத்திரம் எழுதுபவர்)

பெண் களியக்காவிளைப் பக்கம். கல்யாணம் பார்டர் தாண்டி, கேரளத்துப் பாறசாலையில். மாப்பிள்ளை துபாய். பாறசாலை பஞ்சாயத்தில் பதிந்த சர்ட்டிபிகேட்டை ஏஜென்ட் ஒருவர் சென்னைக்கு அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்துக் கவர் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை, ஒரு முத்திரை இல்லை. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எந்த மாநிலம் கொடுத்த சர்ட்டிபிகேட்டோ, தாள் அசல்தான் என்று சொல்லும் முதல் கையெழுத்து அந்த மாநிலத்தில்தான். பாறசாலைத் தாளுக்கு வழி திருவனந்தபுரம், முப்பது கிலோமீட்டர் சொச்சம். அதன்பின் இந்திய வெளியுறவு அமைச்சகம், யுஏஇ (ஐக்கிய அரபு அமீரகம்) தூதரகம், கடைசியில் அங்கே போய் அந்நாட்டு வெளியுறவுத் துறை. வெளிநாட்டு மலையாளிகளுக்கான கேரள அரசு நிறுவனம் நோர்க்கா ரூட்ஸ், தைக்காட்டில் இருக்கிறது, அங்கே கேட்டாலே வரிசையைச் சொல்லிவிடுவார்கள். மனைவியைக் கூப்பிட மாப்பிள்ளைக்கு 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி வீடும்.

பதிவுக் கெடுவையும் பார்டரில் குழப்பிக்கொள்கிறார்கள். கேரளத்தில் 2008 பொது விதிப்படி 45 நாள். இங்கே தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாள், கூடுதல் கட்டணம் கட்டினால் 150 நாள் வரை.

குழித்துறை குமாஸ்தா

நான் சொல்ல வந்தது இனிஷியல். அமெரிக்க பைல் ஒன்று. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, பெயர் மட்டும் இருக்கிறது. கல்யாண சர்ட்டிபிகேட்டில் பெயருக்கு முன் 'எஸ்'. பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்று தாள், மூன்று பெயர். சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் 'எப்என்யு' என்று அச்சடிப்பார்கள். 'முன்பெயர் தெரியவில்லை' என்று பொருள். பின்னால் பேங்க், லைசென்ஸ் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும்.

வீட்டார் 'ரெண்டும் ஒரே ஆள்' என்று முத்திரைத்தாளில் நோட்டரி அபிடவிட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அது ஊன்றுகோல்தான், கால் ஆகாது. முதலில் பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ செய்து சர்நேம், பெயர் இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். பிறகு சர்ட்டிபிகேட்டைப் பதிந்த அதே ஆபீஸில் திருத்தம். இவ்வளவும் ஐ-130 மனு, அதாவது குடும்பத்தாரைக் கூப்பிடும் மனு, போடுவதற்கு முன்னால் நடந்துவிட வேண்டும். மனுவில் ஒரு பெயர், டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தில் இன்னொரு பெயர் என்று போனால் மும்பை இண்டர்வியூவில் பைல் நிற்கும்.

நெய்யாற்றின்கரை வக்கீல்

ஆதாரம் எழுத்து அண்ணன் எழுதியது துபாய்க்குச் சரி. ஆனால் படிக்கிறவர்கள் எல்லா நாட்டுக்கும் முத்திரை வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள், அதைத் திருத்தியே ஆக வேண்டும். லண்டன் நர்ஸ் ஒருத்தியின் வீட்டுக்காரர் அப்போஸ்டிலுக்கு, அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்கான அத்தாட்சி முத்திரைக்கு, பணம் கட்டிய ரசீதோடு வந்தார். பிரிட்டன் விசாவுக்கு அது கேட்கவே இல்லை. அமெரிக்காவுக்கும் அது வேண்டாம், மனுவோடு சர்ட்டிபிகேட் நகல் போதும், அசலை இண்டர்வியூவுக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழிலோ மலையாளத்திலோ இருந்தால் முழு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, 'இரு மொழியும் அறிவேன், சரியாக மொழிபெயர்த்திருக்கிறேன்' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்து. அவ்வளவுதான்.

பிரிட்டனில் பைல் விழுவது சம்பளக் கணக்கில். பிரஜை அல்லது நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவர் துணையைக் கூப்பிட ஆண்டுக்கு 29,000 பவுண்ட் காட்ட வேண்டும், 2024 ஏப்ரல் 11 முதல். அதற்கு முன் 18,600. சம்பளச் சீட்டு ஆறு மாதம், அந்தச் சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட் அதே ஆறு மாதம். சீட்டில் உள்ள தொகையும் கணக்கில் ஏறிய தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டேட்மென்டின் கடைசித் தேதி அப்ளிகேஷன் தேதிக்கு 28 நாளுக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக வைத்துவிட்டு 35-வது நாள் அப்ளை செய்து விழுந்த பைல்கள் உண்டு. டிபி டெஸ்ட் சர்ட்டிபிகேட்டுக்கு ஆயுள் ஆறு மாதம். இங்கிலீஷ் ஏ1 என்ற ஆரம்ப நிலைத் தேர்வு, பேச்சு, கேட்பு. முதல் விசா 33 மாதம், அடுத்தது 30 மாதம், ஐந்து வருஷம் நிறைந்த பின்தான் நிரந்தரம்.

இன்னொன்று. 'யுகே கன்சல்டன்ட்' என்று போர்டு வைத்தவர் எல்லாம் ஆலோசகர் ஆகிவிட மாட்டார். அங்கே சொலிசிட்டர், பாரிஸ்டர், அல்லது அரசுப் பதிவு பெற்ற இமிக்ரேஷன் ஆலோசகர்தான் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லலாம். அமெரிக்காவுக்கு அந்நாட்டு அட்டர்னி, இல்லாவிட்டால் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் அங்கீகரித்த பிரதிநிதி. அட்டர்னி பெயரை அவரது மாநில பார் இணையதளத்தில் தேடினால் ஒரு நிமிஷத்தில் தெரியும். எங்களைப் போன்ற ஊர் வக்கீல்கள் இங்கத்திய சர்ட்டிபிகேட்டையும் இங்கத்திய கோர்ட்டையும் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது.

குழித்துறை குமாஸ்தா

வக்கீல் சார், அப்போஸ்டில் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நோட்டரி அபிடவிட் நம்பி வருகிறவர்கள்தான் இங்கே அதிகம், பெயர்த் திருத்தத்தை லேசாக விட்டுவிடாதீர்கள்.

புளியரை செக்போஸ்ட்

எல்லாரும் போகிற பைல் எழுதுகிறீர்கள். திரும்பி வந்த பைல் ஒன்று. அமெரிக்காவிலிருந்து அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண். கையில் அங்கத்திய கோர்ட்டின் விவாகரத்துக் கவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். 'போட்டுக் குடுத்திடு மக்கா, தொல்லை தீரட்டும்' என்கிறார் பெரியப்பா. பேனா மூடியைக் கழற்றியாகிவிட்டது.

போடக்கூடாது. திருப்பதியில் 1975-ல் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அமெரிக்காவின் மிசோரி மாநில கோர்ட் கொடுத்த விவாகரத்தை 1991-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. எந்தச் சட்டப்படி கல்யாணமோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்தில்தான் விவாகரத்து இருக்க வேண்டும், மனைவி தானாக முன்வந்து அந்தக் கோர்ட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றது. வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே எப்போது செல்லாது என்று சொல்வது சிவில் நடைமுறைச் சட்டம் 13-வது பிரிவு. வக்கீலைப் பார்க்காமல் போடும் கையெழுத்தை 'உட்பட்டார்' என்று நாளைக்குக் காட்டுவார்கள். கவரைப் பரணில் போட்டு மறப்பதும் தப்பு, அந்த நாட்டில் தீர்ப்பு செல்லுபடியாகிவிடும்.

அந்தப் பெண்ணுடையது இரண்டு வருஷம் மட்டும் செல்லும் கண்டிஷனல் கிரீன் கார்டு. அமெரிக்காவுக்குள் நுழைந்த நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாதவர்களுக்கு அதுதான் கிடைக்கும். காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் புருஷனும் மனைவியும் சேர்ந்து ஐ-751, அதாவது அந்தக் கண்டிஷனை நீக்கும் மனு, போட வேண்டும். புருஷன் சேராவிட்டால் எல்லாம் போச்சு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். விவாகரத்து முடிந்தாலோ கொடுமை நடந்திருந்தாலோ மனைவி தனியாகவே போடலாம். இதை அமெரிக்க அட்டர்னியிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கத்திய உதவிக்குக் காசு வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாலுகா கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, போன் 15100. போகும்போது இருவரின் பாஸ்போர்ட் நகல், கல்யாணப் பத்திரிகை, கார்டின் இரண்டு பக்கமும் எடுத்துப் போங்கள். கவரையும் கிழிக்காமல் கொண்டுபோங்கள். எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பதற்கு அதன் தபால் முத்திரை சாட்சி.