அம்மாவின் 11 பவுன் நகையை எங்கே வைப்பது?

அண்ணாமார், அக்காமார், ஒரு யோசனை சொல்லுங்கள். பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் அம்மா தனியாக இருக்கிறார், எனக்கு வேலை கொழும்பில். அவருடைய 11 பவுனும் (பவுன் 8 கிராம், மொத்தம் 88) தங்கச்சி பிள்ளைகளின் வெள்ளிக் கொலுசுகளும் அரிசி வாளிக்குள் கிடக்கின்றன. லயக் காம்பரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) எல்லாவற்றுக்கும் ஒரே கூரை, ஒன்றில் தீப்பிடித்தால் வரிசையே போகும், அதுக்கு மேல் மண்சரிவுப் பயம் வேறு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை யார் மறப்பார்? ராத்திரியில் எழும்பி ஓடும்போது வாளியைத் தூக்கச் சொல்வதா?

ஹட்டனில் பேங்க் லொக்கர் கேட்டேன், காலி இல்லையாம், பெயரை எழுதிக்கொண்டார்கள். லொக்கருக்கு இரண்டு சாவி, பேங்க் சாவியும் நம்முடையதும் சேர்ந்தால்தான் திறக்கும், சரி. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் எழுதி வைப்பதில்லையே, ஏதாவது ஆனால் எதைக் காட்டிக் கேட்பது?

பக்கத்து வீட்டு மாமா, சின்னத் தொகைக்கு பேங்கில் அடகு வைத்துவிடு, நிறுத்துப் பார்த்து ரசீதும் தருவார்கள் என்கிறார். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் வட்டி ஓடும், தவணை தவறினால் ஏலம். எங்கள் பெரியம்மாவின் தாலிக்கொடி அப்படித்தான் போனது.

இப்படி அடகில் வைத்து வருஷக்கணக்கில் புதுப்பித்து வருகிறவர்கள் இருக்கிறீர்களா? அம்மா கைநாட்டு, அவரையும் என்னையும் சேர்த்து லொக்கர் எடுக்க முடிந்ததா? அப்புறம், இந்தப் பனி ஈரத்தில் கொலுசு கறுத்துப் போகாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?