மெக்கெலன் நகருக்கு ஒரு நாள் ஒதுக்குவது தகுமா?

நெடுவழி:
ஐந்து நாள் பயணமாக பெல்ஜியம் வருபவர்கள் பிரஸ்ஸல்ஸுக்கு இரண்டு நாளும் ப்ரூஜஸ், கென்ட், ஆன்ட்வெர்ப் ஆகியவற்றுக்கு தலா ஒரு நாளும் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. பிரஸ்ஸல்ஸுக்கும் ஆன்ட்வெர்ப்புக்கும் நடுவில், இரண்டிலிருந்தும் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய மெக்கெலன் நகரை அவர்கள் ஜன்னல் வழியே தெரியும் ஒரு கோபுரமாக மட்டும் கண்டு கடந்துவிடுகிறார்கள். பிரஸ்ஸல்ஸின் இரண்டாம் நாளை எடுத்து இந்த ஊருக்குக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆஸ்திரிய இளவரசி மார்கரெட் 1507 முதல் 1515 வரையும் 1519 முதல் 1530 வரையும் தாழ்நாடுகளின் (இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பகுதிகள்) ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தபோது அவருடைய அரசவை இங்கேதான் இருந்தது. பின்னாளில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆன சிறுவன் இங்கேதான் வளர்ந்தான். பின்னாளில் இங்கிலாந்து அரசியான ஆன் பொலின் இளம்பெண்ணாக 1513இல் இந்த அரசவைக்குத்தான் அனுப்பப்பட்டார். மார்கரெட் இறந்ததும் அடுத்து வந்தவர் அரசவையை பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றிக்கொண்டார், ஊரும் மெல்ல ஒதுங்கிப்போனது.

1452இல் தொடங்கப்பட்ட புனித ரம்போல்ட் பேராலயக் கோபுரத்தை 167 மீட்டர் உயரத்துக்கு எழுப்ப எண்ணியிருந்தார்கள். அது 97 மீட்டரோடு நின்றுவிட்டது. சென்ற கோடையில் 538 படிகளையும் ஏறினேன். வழியில் ஓர் அறையில், மனிதர்கள் உள்ளே நின்று நடந்து நடந்தே பாரத்தை மேலே இழுத்த பெரிய மரச்சக்கரம் இருக்கிறது. அதற்கு மேலே, தலா 49 மணிகள் கொண்ட இரண்டு மணித்தொகுதிகள். கரில்லான் எனப்படும் இந்தக் கருவியை வாசிப்பவர் மரக்கட்டைகளை மூடிய கையால் தட்டியும் காலால் மிதித்தும் கம்பி வழியாக மணியின் நாவை அசைக்கிறார். அந்தக் கலைக்கென உலகிலேயே முதல் பள்ளி 1922இல் இவ்வூரில்தான் தொடங்கப்பட்டது.

பொன்வண்டு:
நெடுவழி ஐயா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த யோசனையை முதல் முறை வருபவர்களுக்குச் சொல்வது சரியல்ல என்று உறுதியாக நினைக்கிறேன். வரலாறு பெரிதாக இருந்துவிட்டால் மட்டும் கண்ணுக்குக் காட்சி கிடைத்துவிடாது. 1572இல் ஸ்பானியப் படை மூன்று நாள் சூறையாடிய ஊர் இது. 1914இல் குண்டுவீச்சிலும் அடிபட்டது. பன்னிரண்டு கோட்டை வாயில்களில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஊருக்குள் ஓடிய சிறு வாய்க்கால்களில் பெரும்பாலானவற்றை மூடித் தெருவாக்கிவிட்டார்கள். நீங்கள் வியக்கும் மார்கரெட்டின் மாளிகையில் இப்போது நீதிமன்றம் நடக்கிறது. அங்கே போனால் முற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ப்ரூஜஸிலோ ஒரு பாலத்தில் நின்றால் போதும், இடைக்கால நகரம் ஒன்று முழுமையாகக் கண்முன் விரிகிறது. மணியிசை வேண்டுமென்றால் அங்கேயும் 47 மணிகள் உள்ள கோபுரம் இருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். மூட்டுவலி உள்ள அம்மாவிடம் 538 படி ஏறச் சொல்ல முடியுமா? என் அம்மாவுடன் நான் அங்கே போனபோது கோபுரத்தின் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தோம், சந்தைச் சதுக்கத்தில் காபி குடித்தோம், மூன்று மணி நேரத்தில் ரயிலேறிவிட்டோம். குறையொன்றும் தோன்றவில்லை.

நெடுவழி:
படி ஏற முடியாதவர்கள் இழப்பது ஒரு காட்சியை மட்டும்தான் அம்மா. மணியிசை கீழே இருப்பவர்களுக்காகவே வாசிக்கப்படுகிறது. கோடையில் திங்கட்கிழமை மாலைகளில் கச்சேரி நடக்கும். அன்று நான் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மதிலோரம் அமர்ந்திருந்தேன். பெரிய மணியின் ஒலி காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. சிறு மணிகளின் ஓசை காற்று திரும்பும்போதெல்லாம் மங்கி மீண்டும் தெளிந்தது. பக்கத்தில் இருந்த முதியவர் கண்ணை மூடியபடி கச்சேரி முடியும்வரை அசையவில்லை. மூன்று மணி நேரத்தில் ரயிலேறியவருக்கு அந்த மாலை கிடைக்க வழியில்லை.

சிதைந்த ஊர் என்கிறீர்கள். எனக்கு அது மனிதர் புழங்கும் ஊராகத் தெரிந்தது. டைல் ஆற்றுக்கு அப்பாலுள்ள அன்னை மரியா ஆலயத்தில் ரூபன்ஸ் வரைந்த மீன்பிடி அற்புத ஓவியம் இருக்கிறது. மீன் வணிகர் சங்கம் அதை எந்த ஆலயத்துக்காக வரையச் சொன்னதோ அதே ஆலயத்தில்தான் இன்றும் இருக்கிறது. பெகின்கள், அதாவது நிரந்தரத் துறவு பூணாமல் சமயப் பணியில் ஒன்றாக வாழ்ந்த பெண்கள், குடியிருந்த பெரிய பெகின் குடியிருப்பு ப்ரூஜஸில் உள்ளதைப் போல வாயிலுக்குள் அடைபட்டது அன்று. மதிலுக்கு வெளியே இருந்த பழைய குடியிருப்பு 16ஆம் நூற்றாண்டுப் போரில் அழிந்தபின் அவர்கள் ஊருக்குள் வந்து குடியேறியதால், அவர்களுடைய வீடுகளும் மற்றவர்களின் தெருக்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

கீழக்காற்று:
இருவரும் மணிக்கணக்குப் பார்க்கிறீர்கள். டோசின் படைமுகாமின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

1942 முதல் 1944 வரை நாஜிகள் 25,000க்கும் மேற்பட்ட யூதர்களையும் ஜிப்சிகள் எனப்பட்ட ரோமா மக்களையும் இந்த முகாமில் அடைத்து, இங்கிருந்தே ரயிலேற்றினார்கள். பெரும்பாலோர் சென்று சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் திரும்பவில்லை. மெக்கெலனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? பெல்ஜியத்து யூதர்களில் பெரும்பாலோர் வாழ்ந்த பிரஸ்ஸல்ஸுக்கும் ஆன்ட்வெர்ப்புக்கும் இது நடுவில் இருந்தது, ரயில் வசதியும் இருந்தது. நெடுவழி முதல் பதிவில் நமக்கு வசதி என்று சொன்ன அதே காரணம்தான். அந்நாட்டின் முதல் ரயில் பாதையே பிரஸ்ஸல்ஸிலிருந்து மெக்கெலனுக்கு 1835இல் போடப்பட்டதுதான்.

முகாமுக்கு எதிரே 2012இல் திறந்த அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் தளம் தளமாக மேலேறிச் செல்கிறது. முழுவதும் முகங்கள். புகைப்படம் கிடைக்காதவர்களுக்கு வெறும் நிழலுருவம் மட்டும். கழுத்தில் நாடா கட்டிய ஒரு சிறுமியின் படத்துக்கு அருகே இரண்டு நிழலுருவங்கள் இருந்தன. நான் அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். 1943 ஏப்ரல் 19 அன்று இங்கிருந்து புறப்பட்ட இருபதாம் ரயிலை மூன்று இளைஞர்கள் ஒரு துப்பாக்கியும் சிவப்புத் தாள் சுற்றிய விளக்கும் மட்டும் கொண்டு நிறுத்தி, ஒரு பெட்டியைத் திறந்துவிட்டார்கள். அந்த ரயிலிலிருந்து வழியில் குதித்துத் தப்ப முயன்றவர்கள் மொத்தம் இருநூறுக்கு மேல்.

இதை மதிய உணவுக்கும் கோபுரத்துக்கும் இடையில் செருக முடியாது. அரை நாள்தான் இருக்கிறதென்றால் கோபுரத்தை விட்டுவிட்டு இங்கே மட்டும் போங்கள்.

பொன்வண்டு:
கீழக்காற்று சொல்வதை மறுக்க எனக்கு மனமில்லை. அந்த முகாமைப் பற்றி அறியாமலேயே திரும்பியிருக்கிறேன், குறையொன்றும் தோன்றவில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சிறு பிள்ளைகளோடு ஐந்து நாள் வருகிற குடும்பத்துக்கு இதைத் தர முடியாது. அவர்களுக்கு ப்ரூஜஸ்தான் என்ற என் கருத்து அப்படியே நிற்கிறது. பெரியவர்கள் மட்டும் வந்தால், காலையில் டோசினுக்கு என்றே பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலேறட்டும்.

நெடுவழி:
நான் அந்த முகாமின் வாசல் வரை போய், கச்சேரிக்கு நேரமாகிறது என்று திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதவில்லை. உங்கள் பதிவைப் படித்தபின் அந்த முடிவு எனக்கே உறுத்துகிறது. அங்கே போய்விட்டு அதே மாலையில் மணியிசை கேட்க முடியுமா, கீழக்காற்று?

கீழக்காற்று:
என்னால் நேராகப் போக முடியவில்லை. டைல் ஆற்றின் மேலேயே மிதக்கும் மரப்பலகைப் பாதையில், வீடுகளின் பின்சுவர்களை ஒட்டி, இருட்டும்வரை இரண்டு மூன்று முறை நடந்தேன். கோபுரத்திலிருந்து மணி ஒலித்தது, நின்று கேட்டேன். அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் காலையில் படியேறினேன்.